சிக்னல் கிடைக்காத ஊரிலிருந்து

ஜேடர்பாளையம்
16.6.2024

அக்கா,

இந்த மறுவாழ்வு இல்லத்தில் போன் வைத்துக்கொள்ள விட மாட்டார்கள் என்று அப்பா சொன்னபோது ஏதோ ஒரு வாரத்துக்கு என்று நினைத்தேன். தொண்ணூறு நாளாம். கடிதம் எழுதலாமாம். வார்டன் சார் படித்துப் பார்த்துவிட்டுத் தபாலில் போடுவார். (சார், வணக்கம்.) நான் கடைசியாகக் கடிதம் எழுதியது பத்தாம் வகுப்புத் தமிழ்ப் பரீட்சையில். விடுதியிலிருந்து தந்தைக்கு எழுதச் சொன்னார்கள், நலம் நலமறிய ஆவல் என்று ஆரம்பித்தேன். அந்த மாதிரி ஆரம்பிக்க இப்போது கை வரவில்லை.

இன்றைக்கு இருபத்தோராம் நாள். முதல் பத்து நாளைப் பற்றி எழுத மாட்டேன். மூக்கு ஒழுகியது, கால் உதறியது, தூக்கமே இல்லை. இப்போது சோறு இறங்குகிறது. பக்கத்துக் கட்டில் அன்பரசு அண்ணன், ஓமலூர்க்காரர், வாய் ஓயாமல் பேசுவார். மொட்டை மாடியில் துணி காயப் போடப் போனால் காவிரி தெரிகிறது, அணைக்கட்டு தெரிகிறது. நம் ஊர் இங்கிருந்து பஸ்ஸில் ஒரு மணி நேரம். நேற்று பெரியப்பா மாதிரியே ஒருவர் டிவிஎஸ்ஸில் புல்லுக்கட்டு வைத்துக்கொண்டு போனார். கையைத் தூக்கிவிட்டேன். அப்புறம்தான் நான் இன்னும் சத்தீஸ்கரில் போர்வெல் வேலையில் இருப்பதாக ஊருக்குச் சொல்லியிருப்பது ஞாபகம் வந்தது. கையை இறக்கிக்கொண்டேன்.

அப்பாவிடம் கேட்க முடியவில்லை, உன்னிடம் கேட்கிறேன். மாத்திரை போட்டுக்கொண்டு போர்வெல் ரிக்கில் லீவரைப் பிடித்தபடியே நான் கண் சொருகியதும், துளை போடுகிற ராடு நழுவிக் கூட வேலை செய்த கண்ணுசாமியின் கால் விரல் இரண்டு நசுங்கியதும் யுவஸ்ரீ வீட்டுக்குத் தெரியுமா? எனக்கு நிச்சயம் பண்ணிய பிள்ளை. ஆவணி இருபது கல்யாணம். அவளிடம் என்ன சொல்லி வைத்திருக்கிறீர்கள்?

இன்னொன்றும் எழுதிவிடுகிறேன். அந்த வலி மாத்திரையை மூன்று வருஷமாக எனக்கு அனுப்பியது நீதான், முறுக்கு டப்பாவுக்குள் வைத்து. குற்றம் சொல்லவில்லை. இங்கே எல்லோரிடமும் முதலில் யார் கொடுத்தது என்று கேட்கிறார்கள். நான் "மெடிக்கல்ல வாங்குனதுங்க" என்று மட்டும் சொன்னேன். இதைப் படித்தால் சாருக்கும் தெரிந்துவிடும், தெரியட்டும்.

லுங்கி இரண்டு அனுப்பு.

சபரி

சங்ககிரி
21.6.2024

தம்பி சபரிநாதனுக்கு,

குற்றம் சொல்லவில்லை என்று எழுதிவிட்டு ஒரு பத்தி முழுக்கச் சொல்லியிருக்கிறாய். நன்றாக இருக்கிறதுடா.

முதுகு வலி, ராடு தூக்க முடியவில்லை, டாக்டர் எழுதிக் கொடுத்தார் என்று சீட்டை வாட்ஸ்அப்பில் போட்டது யார்? மெடிக்கலில் உட்கார்ந்திருக்கிறவள் சீட்டைப் பார்த்தால் மாத்திரை கொடுக்காமல் மண்ணையா அள்ளிக் கொடுப்பாள்? வடக்கே ரிக்குக்குச் சாமான் கொண்டுபோகிற சர்வீஸ் வண்டியைத் தேடிப் பிடித்து, டிரைவரிடம் கெஞ்சி, அம்மா சுட்ட முறுக்கோடு வைத்து அனுப்பினேன். கூடப் பிறந்தவன் வலியில் துடிக்கிறானே என்று அனுப்பினேன். அதற்கு இந்தப் பேச்சு.

யுவஸ்ரீ வீட்டில் அப்பா போய்ச் சொன்னது இதுதான்: "ரிக்கு பஸ்தார் காட்டுக்குள்ள ஓடுதுங்க. டவரே கெடையாதுங்க. ஆவணி பத்துக்குள்ள வந்துருவானுங்க." அவர்கள் நம்பிவிட்டார்கள். திருச்செங்கோட்டுப் பக்கம் வீட்டுக்கு ஒருத்தன் ரிக்கில் இருக்கிறான், டவர் கிடைக்காதது யாருக்கும் அதிசயமில்லை. உன் போன் என்னிடம்தான் இருக்கிறது. அந்தப் பிள்ளையைப் பற்றி நீ கவலைப்படாதே, நான் பார்த்துக்கொள்கிறேன்.

அம்மா எனக்கு இணைச்சீர்ச் சேலை எடுத்தாயிற்று. மயில் கழுத்துக் கலர். கல்யாணத்தன்று கூறைச் சேலையை நான் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, மறுமுனையை உன் கையில் கொடுத்து, ஊர் பார்க்க உன் பக்கத்தில் உட்காரணும். அக்கா தங்கை பக்கத்தில் உட்காராமல் நம் பக்கம் மாப்பிள்ளை மணவறை ஏற முடியாது. என் தம்பிக்கு நான் பொறுப்பு என்று சபைக்கு முன்னால் சொல்கிற மாதிரிதான் எனக்கு அது. அதனால் ஒழுங்காகத் தேறி வந்து சேர்.

உன் மாமா லாரியில் குஜராத் லோடு ஏற்றிப் போய் ஒரு மாதம் ஆகிறது. வீட்டில் பேச்சுத் துணைக்கு டிவி இருக்கிறது. லுங்கி அனுப்பியிருக்கிறேன், துண்டும்.

அக்கா தனப்பிரியா

ஜேடர்பாளையம்
28.6.2024

அக்கா,

வார்டன் சார் ஒரு நோட்டைக் கொடுத்து, மாத்திரை உனக்கு என்ன நல்லது செய்தது, எழுது என்றார். என்ன கெடுதல் செய்தது என்றுதான் கேட்பார் என்று நினைத்திருந்தேன். நல்லது என்று கேட்டதும் எனக்கு அழுகை வந்துவிட்டது. அதில் எழுதியதை உனக்கும் எழுதுகிறேன்.

வலி ஆறு மாதத்திலேயே போய்விட்டது. உன்னிடம் சொல்லவில்லை. ரிக்கில் கம்ப்ரசர் ஓடும்போது எட்டுப் பேர் இருந்தாலும் ஒருவர் பேசுவது ஒருவருக்குக் கேட்காது, சைகைதான். போர்வெல் போட்டு முடித்து அதை நிறுத்தினால் அப்படியே காது அடைத்துக்கொள்ளும். பேசலாம், ஆனால் பேச ஒன்றுமே இருக்காது. ஆளுக்கொரு போனை எடுத்துக்கொண்டு ஆளுக்கொரு மரத்தடிக்குப் போய்விடுவோம். அந்த நேரத்தில் ஒரு மாத்திரை போட்டால் அரை மணியில் வயிற்றுக்குள் வெதுவெதுப்பாக ஏதோ இறங்கும். மார்கழிக் குளிரில் அம்மா போர்வையைக் கழுத்து வரை இழுத்துவிடுவாளே, அது மாதிரி. எனக்கு யாரும் வேண்டாம் என்று இருக்கும். யாரும் வேண்டாம் என்று இருந்ததுதான் அக்கா சுகம்.

அந்தச் சுகமும் ஒரு வருஷம்தான். பிறகு போடாவிட்டால் உடம்பு உதறும் என்பதற்காகப் போட்டேன். இன்றைக்கு ஒரு நாள் மட்டும் என்று தினமும் சொல்லிக்கொண்டேன், தினமும் அதை நிஜமாகவே நம்பினேன். பொய் என்று தெரிந்து சொல்லவில்லை. அதுதான் இப்போது பயமாக இருக்கிறது.

அந்தச் சீட்டு. டாக்டர் எழுதியது ஒரே தடவை. மற்றதெல்லாம் அதே சீட்டில் தேதியைத் திருத்தி நான் போட்டோ எடுத்து அனுப்பியது. உன் வேலைக்கே ஆபத்து என்று தெரிந்தும் செய்தேன். மன்னித்துக்கொள்.

யுவஸ்ரீயிடம் உண்மையைச் சொல்லிவிடு. கேட்டுவிட்டு அவள் வேண்டாம் என்றால் சரி, வேண்டாம். என் போனுக்கு அவள் மெசேஜ் ஏதாவது வருகிறதா? பதில் இல்லாமல் அவள் என்ன நினைத்துக்கொண்டிருக்கிறாளோ.

சபரி

சங்ககிரி
5.7.2024

தம்பிக்கு,

சீட்டு விஷயத்தை விடு. நடந்தது நடந்துபோயிற்று.

மெசேஜ் வருகிறது. பதிலும் போகிறது. நான்தான் போடுகிறேன், நீ போடுகிற மாதிரி.

உடனே கத்தாதே, முழுசாகப் படி. முதல் நாள் அவள், "அங்க மழைங்களா? ஒரு தகவலுமில்லையே" என்று போட்டிருந்தாள். பதில் போகாவிட்டால் அவள் அப்பா உன் ரிக் ஓனருக்குப் போன் அடிப்பார், ஓனர் எல்லாவற்றையும் கொட்டிவிடுவார். அதனால் டவர் இல்லை, மெசேஜ் மட்டும் எப்போதாவது போகும், பேச முடியாது என்று போட்டேன். அதோடு முடிந்தது என்றுதான் நினைத்தேன். மறுநாளும் அவளிடமிருந்து வந்தது.

அவள் பரமத்தி வேலூரில் டீச்சர் இல்லையா, மத்தியானம் ஒரு மணிக்கு அவளுக்குச் சாப்பாட்டு நேரம். எனக்கும் கடையில் அப்போதுதான் ஷட்டரைப் பாதி இறக்குவோம். சரியாக ஒரு மணிக்கு, "சாப்டீங்களா? என்ன கொழம்பு?" என்று வரும். நான் என் டிபன் பாக்ஸைத் திறந்து அதில் இருப்பதையே சொல்வேன். "ரிக்குல அரசாணிக்காய்ப் பொரியலா! உங்க சமையக்காரர் நல்லாக் கவனிக்கறாரு போங்க" என்பாள். நல்ல பிள்ளைடா. அவள் அப்பாவோடு போட்ட சண்டை, கூடப் படித்த இலக்கியா ஒரு வருஷமாகப் பேசாதது, கல்யாணம் என்றால் அவளுக்கு உள்ளுக்குள் பயம், எல்லாம் சொல்கிறாள். உன்னைப் பற்றி நானும் உண்மையாகத்தான் சொல்கிறேன். ஒரு நாளைக்கு நாலைந்து மெசேஜ்தான். நீ வந்ததும் போனை உன் கையில் கொடுத்துவிட்டு நிறுத்திவிடுவேன். யாருக்கு என்ன நஷ்டம்?

வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன். இன்றைய தேதிக்கு, சாப்பிட்டாயா என்று என்னைக் கேட்கிற ஒரே ஆள் அவள்தான்.

தனம்

ஜேடர்பாளையம்
10.7.2024

அக்கா,

உன் கடிதத்தை வார்டன் சார் படித்துவிட்டுத்தான் கொடுத்தார். கொடுக்கும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை.

நிச்சயத்தன்று அவளோடு நான் பேசியது பத்து நிமிஷம். பிறகு ஒரு மாதம் மெசேஜ், அதிலும் பாதி நாள் மாத்திரை போட்டுக்கொண்டு. இப்போது நீ பேசுகிறாய். அவளுக்குப் பிடித்துப்போன சபரி யார் அக்கா? எனக்கு அரசாணிக்காய் பிடிக்காது. சின்னதிலிருந்தே தட்டில் ஒதுக்கி வைப்பேன், நீதான் எடுத்துத் தின்பாய். உண்மையாகத்தான் சொல்கிறேன் என்று எழுதியிருக்கிறாய்!

நாலைந்துதான். வந்ததும் நிறுத்திவிடுவேன். யாருக்கு என்ன நஷ்டம். இந்த மூன்றும் என் நோட்டில் இருக்கிறது, வார்த்தைகூட மாறவில்லை. நான் மாத்திரையைப் பற்றி எழுதியிருக்கிறேன், நீ அவளைப் பற்றி எழுதியிருக்கிறாய். படித்துவிட்டு எனக்குக் கோபம் வந்தது, அப்புறம் உன்னை நினைத்துப் பயம் வந்தது.

இதோடு ஒட்டிய கவர் ஒன்று வைத்திருக்கிறேன். நாலு பக்கம், யுவஸ்ரீக்கு. கண்ணுசாமி கால் உட்பட எல்லாம் எழுதிவிட்டேன். நீ பேசுவதை மட்டும் எழுதவில்லை, அதை நீயே சொல். பிரிக்காமல் அவள் கையில் கொடு. தபாலில் போட்டால் அவள் அப்பா பிரித்துவிடுவார்.

மெசேஜை இன்றோடு நிறுத்து.

சபரி

சங்ககிரி
20.7.2024

தம்பிக்கு,

ஆடி பிறந்துவிட்டது. ஆடியில் யாரும் நல்ல காரியம் பேச மாட்டார்கள், இந்த மாதிரிப் பேச்சும் எதற்கு? உன் கவர் என் கைப்பையில் பத்திரமாக இருக்கிறது. ஒரு வாரமாகக் கடைக்கும் வீட்டுக்கும் என்னோடு வந்து போகிறது.

கொடுக்கப் போகாமல் இல்லை. புதன்கிழமை கடைக்கு லீவு சொல்லிவிட்டுப் பஸ் ஏறினேன். திருச்செங்கோட்டிலேயே இறங்கித் திரும்பிவிட்டேன். அன்றைக்கு அவள் பிறந்த நாள்டா. "எனக்கு மொத வாழ்த்துச் சொன்னது நீங்கதானுங்க" என்று காலையில் போட்டிருந்தாள். அப்படிப்பட்ட நாளில் இதைக் கொண்டுபோய் எப்படி நீட்டுவேன்?

நிறுத்தச் சொன்னாய். குறைத்திருக்கிறேன். ஒரு மணிக்கு மட்டும்தான். மற்ற நேரம் போனைத் தொடுவதே இல்லை.

பத்திரிகை அடிக்கக் கொடுத்தாயிற்று. அப்பாவிடம் உன் கவரைப் பற்றிச் சொன்னேன். "இப்பப் போயி அதையக் கெளறாத சாமி. ஒரு கால்கட்டுப் போட்டா எல்லாஞ் செரியாப் போயிரும்" என்கிறார். எனக்கும் அப்படித்தான் தோன்றுகிறது. நீதான் நன்றாகிவிட்டாயே. நன்றான பிறகு சொல்ல என்ன இருக்கிறது?

மாமா வந்து இரண்டு நாள் இருந்தார். தூங்கினார், டயர் மாற்றினார், போய்விட்டார்.

தனம்

ஜேடர்பாளையம்
26.7.2024

அக்கா,

நான் நன்றாகிவிடவில்லை. நேற்று அன்பரசு அண்ணனைப் பல்வலி என்று டாக்டரிடம் கூட்டிப்போனார்கள். கன்னம் வீங்கித் திரும்பி வந்தார். அவர் சட்டைப் பையில் என்ன மாத்திரை இருக்கும் என்றுதான் எனக்கு முதலில் தோன்றியது. வலிக்கிறதா என்று கேட்க வேண்டும் என்பது அப்புறம்தான் வந்தது. அறுபது நாள் கழித்து இந்த லட்சணம். கட்டிக்கொள்கிறவள் இதோடுதான் காலம் தள்ளணும். அவளுக்குத் தெரியாமல் அவளை உள்ளே இழுத்துவிடுவதா?

ஆடி பதினெட்டுக்கு அவர்கள் வருஷா வருஷம் இந்த அணைக்கட்டுக்குத்தான் வருவார்கள். நிச்சயத்தன்று அவளே சொன்னாள். என் கட்டிலிலிருந்து பத்து நிமிஷ நடை. அன்றைக்குள் நீ கவரைக் கொடுக்கவில்லை என்றால் நான் கேட்டைத் தாண்டிப் போய் நேரில் சொல்வேன். வார்டன் சார் படிப்பார் என்று தெரிந்தேதான் எழுதுகிறேன். ஒரு தடவை தாண்டினால் திரும்பி உள்ளே வருவேனா என்று எனக்கே தெரியாது. அணைக்கட்டுக்குப் போகிற வழியில் இரண்டு மெடிக்கல் இருக்கிறது.

கொடுக்க மனசில்லை என்றால் இணைச்சீருக்கு என் பக்கத்தில் உட்காராதே. அந்தச் சேலை முனையை உன் கையிலிருந்து வாங்க எனக்குக் கூசும்.

சபரி

சங்ககிரி
5.8.2024

சபரி,

கொடுத்துவிட்டேன்.

ஆடி பதினெட்டன்று அணைக்கட்டில் ஒரே கூட்டம். தண்ணீர் ஏறிப் போனதால் போலீஸ் கயிறு கட்டி யாரையும் இறங்க விடவில்லை. சொம்பில் மொண்டுதான் தலையில் ஊற்றிக்கொண்டார்கள். நீ இருக்கிற கட்டடம் எது என்று தேடினேன், மாடியில் லுங்கி காய்ந்தது. நான் எடுத்து அனுப்பியதுதான். அதைப் பார்த்த பிறகுதான் கால் நகர்ந்தது.

அவளைத் தனியாகக் கூப்பிட்டுக் கவரைக் கொடுத்தேன். புங்க மரத்தடியில் நின்றபடியே நாலு பக்கத்தையும் படித்தாள். மடித்தாள். அழுவாள், திட்டுவாள் என்று காத்திருந்தேன்.

"ஏனுங்க அண்ணி, அவுரு மே கடைசியிலேயே இங்க வந்துட்டாருங்களா?"

"ஆமா கண்ணு."

"அப்பொறம் இத்தன நாளா எங்கூடப் பேசுனது ஆருங்க?"

கைப்பைக்குள் இருந்த உன் போனை எடுத்துக் காட்டினேன். என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு மெதுவாக, "அரசாணிக்காய்" என்றாள்.

அந்த ஒரு வார்த்தைக்கு நான் மரத்தடியிலேயே உட்கார்ந்துவிட்டேன். அவள் கத்தவில்லை. "மாத்தர போட்டத அவுரே எழுதீட்டாருங்க. அத நான் ரோசன பண்ணிப் பாத்திருப்பேன். ஆனா எங்கம்மாகிட்டக்கூடச் சொல்லாதத எல்லாம் நான் ஒருத்தருகிட்டச் சொன்னனுங்களே. அப்படி ஒரு ஆளே இல்லீங்களே அண்ணி. நான் இப்ப ஆரு மேல கோவப்படறது?" என்றாள். அவ்வளவுதான். போய்விட்டாள்.

மறுநாள் அவள் அப்பா வந்து தட்டு மாற்றியதைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போனார். அம்மா இரண்டு நாளாக எழுந்திருக்கவில்லை. அப்பா என்னோடு பேசுவதில்லை. கல்யாணத்தை நிறுத்தியது உன் மாத்திரை இல்லை, நான்தான். உனக்குக் கிடைக்க இருந்த பெண்ணை நானே பேசிப் பேசித் தீர்த்துவிட்டேன்.

இன்னொன்று இருக்கிறது. சீட்டில் தேதி திருத்தியது எனக்கு இரண்டாம் தடவையே தெரியும்டா. அதே மடிப்பு, அதே டீக்கறை. மெடிக்கலில் பதினொரு வருஷம் இருக்கிறவளுக்கு இதுகூடத் தெரியாதா? தெரிந்தும் கொடுத்தேன். மாத்திரை வந்து சேர்கிற அன்றைக்குத்தான் நீ போன் பண்ணுவாய். "அக்கா, நீ இல்லீன்னா நான் என்ன பண்ணுவேன்" என்பாய். மற்ற நாளில் நீ போன் பண்ணியதில்லை. அந்த ஒரு வார்த்தைக்காக மூன்று வருஷம் அனுப்பினேன்.

உன் போனை அப்பாவிடம் கொடுத்துவிட்டேன், அணைத்துப் பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டார். ஆனாலும் ஒரு மணி ஆனால் என் கை மேஜை டிராயருக்குப் போகிறது. ஒன்றும் இல்லை என்று தெரிந்தும் திறந்து பார்க்கிறேன். நெஞ்சு படபடவென்று அடிக்கிறது, டிபன் பாக்ஸை அப்படியே மூடி வைத்துவிடுகிறேன். இந்த வயதில் இது என்ன கேடு எனக்கு?

மயில் கழுத்துச் சேலை மடிப்புக் கலையாமல் இருக்கிறது. என்ன செய்வது என்று தெரியவில்லை.

தனம்

ஜேடர்பாளையம்
10.8.2024

அக்கா,

ஆடி பதினெட்டன்று எங்களை மாடிக்கு விடவில்லை, முந்தின நாள் காயப் போட்ட லுங்கியைக்கூட எடுக்கவில்லை. உன் கடிதம் வரும்வரை ஒன்றும் தெரியாது. கேட் பக்கம் போகாமல் இருந்தேன், அது மட்டும் என்னால் முடிந்தது. அன்று முழுக்க அன்பரசு அண்ணன் என் சட்டையைப் பிடித்துக்கொண்டே இருந்தார் என்பதையும் சொல்லிவிடணும்.

எனக்குக் கோபம் இல்லை என்று எழுதினால் பொய். இருக்கிறது. யுவஸ்ரீ மரத்தடியில் நின்று படித்தாள் என்று நீ எழுதிய இடத்தைத் திரும்பத் திரும்பப் படிக்கிறேன். நான் கேட்க வேண்டிய மன்னிப்பை நாலு பக்கத்தில் கேட்டுவிட்டேன். உன்னுடையதை நீ எழுது, உன் பெயரில், உன் கையெழுத்தில். பதில் வரும் என்று காத்திராதே. கல்யாணத்தை நீ ஒருத்தியே நிறுத்தியதாக எழுதாதே. முறுக்கு டப்பாவைத் திறந்தவன் நான்.

ஒரு மணிக்குக் கை போகிறது என்றாயே. போகும். மூன்றாம் நாள் மோசம். ஏழாம் நாள் அதைவிட மோசம், அன்றைக்கு நமக்கே எல்லாம் தேறிவிட்ட மாதிரி இருக்கும். நெஞ்சு அடிக்கும்போது அதோடு சண்டை போடாதே. இருபது நிமிஷம் கைக்கு வேலை கொடு. நான் துவைத்த துணியையே திரும்பத் துவைத்தேன். இருபது நிமிஷத்தில் அது இறங்கும், நிஜமாகவே இறங்கும். நாளையைப் பற்றி யோசிக்காதே. இன்றைக்கு ஒரு நாள் மட்டும் என்று சொல்லித்தான் மூன்று வருஷம் போட்டேன், அதையே சொல்லித்தான் எழுபத்தைந்து நாள் போடாமல் இருக்கிறேன்.

எழுபத்தைந்து நாள் முடித்தவர்களை ஞாயிற்றுக்கிழமை ஒருவர் வந்து பார்க்கலாம். யார் பெயர் எழுத என்று வார்டன் சார் கேட்டார். அம்மாவா அப்பாவா என்றார். உன் பெயரைச் சொன்னேன். பதினெட்டாம் தேதி. எத்தனை மணிக்கு என்றார். மத்தியானம் ஒரு மணி என்று எழுதச் சொல்லியிருக்கிறேன்.

அந்தச் சேலையையே கட்டிக்கொண்டு வா. பார்க்கிற இடத்தில் ஒரு பெஞ்சு இருக்கிறது, இரண்டு பேர் உட்காரலாம். முறுக்கு வேண்டாம், வாசலில் டப்பாவைக் கொட்டிப் பார்ப்பார்கள். உன் டிபன் பாக்ஸைக் கொண்டு வா. அரசாணிக்காயாக இருந்தாலும் பரவாயில்லை, நீ தின்னு, நான் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறேன். சாப்பிட்டாயா என்று நானே கேட்கிறேன்.

சபரி